காவடி எடுத்தவன் வரைந்த படத்தில் காவடி எங்கே?

மலையடிவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸில் இருக்கிறவன் நான், வீட்டில் கிரியோல், வேலையில் பிரெஞ்சு, தமிழில் நாலு வரி எழுதக் கிடைப்பது இங்கேதான்.

தைப்பூசம் முடிந்த கையோடு எங்கள் பக்கம் ஒரு சின்ன ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு காவடி. நானும் ஒரு படம் கொடுத்தேன். கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவன் நான். அதனால் ரோட்டோரம் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற காவடியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே நடக்கிறவனுக்கு என்ன தெரியுமோ அதை வரைந்தேன். தெரிவது ரொம்பக் கொஞ்சம். தலையைத் தூக்க முடியாது. நாக்கில் வேல், வாய் மூடாது, எச்சில் வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். முன்னால் போகிறவரின் குதிகால், தார் ரோடு, யாரோ காலில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் ஆவியாகிற இடம், நசுங்கிய எலுமிச்சம்பழம், இவ்வளவுதான் கண்ணுக்கு. தோளில் இருக்கிற பாரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரிய பொருள் அதுதான். அதனால் படத்தின் மேல்பாதி முழுக்கக் கெட்டியான கருஞ்சிவப்பு, கீழே அமுங்கிப்போன சாம்பல், நடுவில் ஒரு ரோஸ் கீற்று. வேறு ஒன்றும் இல்லை.

"காவடி எங்கே தம்பி?" என்று தேர்வுக்குழுவில் ஒருவர் கேட்டார். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மயில்தோகையும் பால்சொம்பும் சிரிக்கிற முருகனுமாக இருந்த படங்கள் சுவருக்குப் போயின. கோபம் எல்லாம் இல்லை (கொஞ்சம் இருக்கிறது). என் கேள்வி இதுதான்: உடம்பில் பட்டதை வரைந்தால் அது ஓவியமா, இல்லை நான் மட்டும் படித்துக்கொள்கிற டைரியா?

எபேன்_கணினி

அண்ணா, நேராகவே சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். நான் மதுரைப் பக்கம், வேலைக்காக இங்கே வந்தவன், ஓவியம் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீங்கள் எழுதியதைப் படித்தபோது சிலிர்த்தது. ஆனால் அந்தச் சிலிர்ப்பு எழுத்தில் வந்தது, படத்தில் வந்ததா? விளக்கம் இல்லாமல் அதைச் சுவரில் மாட்டினால் எனக்குச் சிவப்புப் பெயிண்ட்தான் தெரியும்.

இன்னொன்று. வரைய வராதவர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்கிற கொம்பு இது. கை கோணலாக இருக்கிறதே என்று கேட்டால் "அது என் உணர்வு" என்று சொல்லிவிடலாம். உணர்வு சரியா தப்பா என்று யார் பார்ப்பது? காவடி கோணலாக இருந்தால் நானே சொல்லிவிடுவேன்.

கியூர்பிப்_மழை

மதுரைத் தம்பிக்கு நம்ம ஊர்க்காரர் ஒருவரைக் காட்டுகிறேன். மால்கம் தெ ஷசால். 1902இல் வாகோவாவில் பிறந்தவர். அமெரிக்காவின் லூசியானாவில் சர்க்கரை ஆலைப் பொறியியல் படித்துவிட்டு வந்து, இங்கே மின்சார, தொலைபேசித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். எழுத்தாளர். 1948இல் அவர் புத்தகம் ஒன்று பாரிசில் வெளியாகி, அங்கே இருந்த சர்ரியலிசக்காரர்கள் (கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கியவர்கள்) தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கியூர்பிப் தாவரவியல் தோட்டத்தில் ஓர் அசேலியாப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பூ தன்னைத் திரும்பிப் பார்த்தது என்று எழுதியவர் இவர்தான். ஐம்பதுகளில், ஐம்பது வயதுக்கு மேல், தூரிகையை எடுத்தார். குழந்தை வரைந்த மாதிரி பூ, மீன், மலை, டோடோ, எல்லாம் தட்டையாக, பளீர் என்று. இந்த ஊரே சிரித்தது. சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே படங்களின் அச்சை வாங்கிக் கூடத்தில் மாட்டுகிறார்கள்.

அவர் படத்தில் பூ தாவரவியல் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருக்காது. ஆனால் எதிரே நின்றால் சத்தியமாக அது உங்களைப் பார்க்கும். விளக்கம் தேவைப்படவில்லை.

எபேன்_கணினி

சரி, அப்போதும் பூ இருக்கிறது இல்லையா? பூவே இல்லாமல் "பூ என்னைப் பார்த்தது" என்று வரையவில்லையே அவர். அண்ணன் படத்தில் காவடியே இல்லை, அதுதான் பிரச்சினை.

ரோஸ்ஹில்_டீச்சர்

நான் தமிழ் வாத்தியார், ஓவிய வாத்தியார் இல்லை, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நெடுநல்வாடையில் கணவன் போருக்குப் போயிருக்கிறான், அரசி நகையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருக்கிறாள். அவளைக் கவிஞர் "புனையா ஓவியம்" போல இருந்தாள் என்கிறார். வண்ணம் தீட்டாத வெறும் கோட்டோவியம். அவள் அழுதாள், ஏங்கினாள் என்று நீட்டி எழுதியிருக்கலாம். அதற்குப் பதில் வண்ணத்தை எடுத்துவிட்டார், பிரிவு வந்துவிட்டது. கேட்பவனுக்குக் கோட்டோவியம் எப்படி இருக்கும் என்று தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியது அது.

அதனால் மலையடிவாசி தம்பி காவடியை எடுத்துவிட்டதில் எனக்குக் குறை இல்லை. எடுத்த இடத்தில் என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி. படத்தை இங்கே போடுங்களேன், பார்க்காமலே ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாயேபூர்_கரை

நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். 2020 ஜூலை 25இல் வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னியில் தரைதட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது, ஆயிரம் டன் அளவுக்குக் கடலில் கலந்தது, எல்லாருக்கும் நினைவிருக்கும். நாங்கள் மாயேபூர் கரையில் கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்து, காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துக் கட்டி, மிதவைத் தடுப்பு தைத்துக்கொண்டிருந்தோம். பிறகு அதைப் பற்றி ஓவியங்கள் வந்தன, நிறைய வந்தன. கறுப்புக் கடல், கறுப்பு மீன், கறுப்புப் பறவை, அழுகிற டால்பின். பத்திரிகைப் படத்தைப் பார்த்து வரைந்தவை, நல்ல மனதோடு வரைந்தவை, ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் எனக்கு அந்த வாரம் கறுப்பு இல்லை. எனக்கு அது நாற்றம். தொண்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்காத நாற்றம், நெற்றியில் ஒரு வலி, சாப்பாட்டில்கூட அதே வாடை. அதை வரைய உட்கார்ந்தபோது கை தானாக மஞ்சளுக்குத்தான் போனது, கொஞ்சம் பச்சை கலந்த, குமட்டுகிற மஞ்சள். வீட்டில் எல்லாரும் "இது என்ன பருப்பா?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, கரையில் என்னோடு சோகை அடைத்தவர், பார்த்த உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

எனக்கு அந்த ஒரு ஆள் போதும். எபேன் தம்பிக்குப் போதாது என்று தெரியும்.

எபேன்_கணினி

போதாதுதான் அக்கா. அவர்தான் ஏற்கெனவே அங்கே இருந்தாரே! அங்கே இல்லாத எனக்கு மூக்கைப் பொத்தத் தோன்றினால்தான் படம் ஜெயித்தது என்று ஒத்துக்கொள்வேன்.

பழைய_தூரிகை

இளைஞர்கள் சண்டை சுவாரசியமாக இருக்கிறது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரைகலை சொல்லிக்கொடுத்த கிழவன் நான், இரண்டு தரப்பையும் கொஞ்சம் திட்டலாமா?

"உணர்வை வரைகிறேன்" என்கிறவர்கள் பெரும்பாலும் நினைப்பது, கோபம் வந்தால் சிவப்பை அள்ளி வீசுவது, சோகம் வந்தால் நீலம். அது உணர்வு இல்லை, உணர்வின் பெயர்ப்பலகை. பிரெஞ்சு ஓவியர் செசான் இருக்கிறாரே, அவர் வாழ்நாள் முழுக்கத் தன் புலனுணர்வை ஓவியத் துணியில் நிலைநிறுத்துவது பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் எதையும் வீசவில்லை. ஓவிய வியாபாரி வொலார் 1899இல் அவருக்கு மாடலாக உட்கார்ந்தார், 115 முறை உட்கார்ந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் படத்தில் கைவிரல் மொட்டுகளில் இரண்டு சின்ன இடம் வண்ணம் படாமல் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, அங்கே ஏதோ ஒரு வண்ணத்தை வைத்துவிட்டால் அதிலிருந்து தொடங்கிப் படம் முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்றாராம். கண்ணில் பட்டது இன்னது என்று உறுதியாகும்வரை ஒரு பொட்டுகூட வைக்காத மனிதர். சேந்த்-விக்துவார் மலையை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் முப்பது தடவைக்கு மேல் வரைந்தார், 1906 அக்டோபரில் வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் மாட்டிக்கொண்டு படுத்து அப்படியே போய்விட்டார்.

இதுதான் எபேன் தம்பிக்கும் பதில். உணர்வைச் சரிபார்க்க முடியாது என்றாய். வரைகிறவன் சரிபார்க்கலாம், சரிபார்த்தே ஆக வேண்டும். "இந்தச் சிவப்பா அந்தப் பாரம்? இல்லை, இது லேசாக இருக்கிறது, இது இனிக்கிறது, இது விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தள்ளாமல் முதல் சிவப்போடு நின்றவன் படம் டைரிதான்.

படத்தைப் போடு தம்பி.

கியூர்பிப்_மழை

ஐயா சொன்னதற்கு ஒரு துணைச் சாட்சி. நார்வே ஓவியர் முங்க் வரைந்த அந்த அலறல் படம், எல்லாரும் ஏதோ ஒரே மூச்சில் வெறியில் வரைந்தது என்று நினைக்கிறார்கள். சூரியன் மறைகிற நேரம் நண்பர்களோடு நடந்தபோது வானம் ரத்தச் சிவப்பானது, இயற்கைக்குள்ளே ஓர் அலறல் போவதை உணர்ந்தேன் என்று அவர் குறிப்பு எழுதியது 1892 ஜனவரியில். படம் 1893. அதற்கப்புறமும் பாஸ்டலிலும் கல்லச்சிலும் திரும்பத் திரும்பச் செய்தார். 1893 படத்தின் மூலையில் பென்சிலில் "இதை ஒரு பைத்தியக்காரன்தான் வரைந்திருக்க முடியும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். பார்வையாளர் யாரோ கிறுக்கியது என்று நினைத்திருந்தவர்கள் உண்டு. 2021இல் நார்வே தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படம் எடுத்து ஆராய்ந்து, அது முங்க்கின் கையெழுத்தேதான் என்று சொல்லிவிட்டது. நம்ம மலையடிவாசியும் ஒரு பென்சில் எடுத்து "காவடி எங்கே தம்பி?" என்று மூலையில் எழுதிவிடலாம் :)

எபேன்_கணினி

ஒரு விஷயம் தேடிப் படித்தேன். ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் காட்சிக்கு வைத்த பனிப்புயல் படம். நடுவில் ஒரு நீராவிக் கப்பல், சுற்றிலும் கடலும் வானமும் புகையும் ஒரே சுழல். பாய்மரத்தில் தன்னைக் கட்டச் சொல்லி நாலு மணி நேரம் அந்தப் புயலைப் பார்த்தேன் என்றாராம். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அந்தக் காலத்து விமர்சனம் "சோப்பு நுரையும் வெள்ளைச் சுண்ணாம்பும்" என்று கிண்டல் செய்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாய்மரக் கதையே நடந்திருக்காது என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள்.

கதை பொய் என்று வைத்துக்கொள்வோம். படம் கெட்டுவிடுகிறதா? நான் திரையில் பார்த்தேன், வயிறு புரட்டியது. அப்படியானால் சொந்த அனுபவம் தேவையே இல்லையே. காவடி எடுக்காதவன்கூட அந்தப் பாரத்தை வரைந்துவிடலாம். "நான் அனுபவித்தேன்" என்பது படத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

ரோஸ்ஹில்_டீச்சர்

தம்பி இதுவரை எழுதியதிலேயே உருப்படியானது இது! ஆனால் ஒன்று பாருங்கள், டர்னர் கப்பலிலேயே ஏறாதவர் இல்லை. கடல் அவருக்குப் பழகின இடம், வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்தவர். அன்று இரவு கட்டப்பட்டாரா என்பது வேறு.

என் அம்மாவுக்கு 1975 பிப்ரவரியில் வந்த ஜெர்வேஸ் புயல்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். புயலின் கண் தீவின் மேலேயே போனது. காற்றைவிட, நடுவில் வந்த அமைதிதான் அம்மாவுக்குப் பயம். வெளியே போய்க் கோழியைப் பிடித்து வா என்று ஒருவர் சொல்ல, போகாதே திரும்ப வரும் என்று இன்னொருவர் கத்த, எல்லாரும் வாசலில் நின்றார்களாம். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் இன்றைக்குப் புயல் எச்சரிக்கை வந்து காற்று சட்டென்று நின்றால் எனக்கு முதுகு சில்லிடும். அது யாருடைய அனுபவம்? அம்மாவுடையதா, என்னுடையதா? வரையத் தெரிந்தால் புயலை விட்டுவிட்டு அந்த வாசலைத்தான் வரைவேன்.

மட்டுறுத்துநர்

எந்தக் கோயில் காவடி பெரியது என்று தொடங்கிய ஏழு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாசி

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன், கைப்பேசியில் எடுத்தது, வீட்டு ஜன்னல் வெளிச்சம்.

ஐயா, முதல் சிவப்போடு நிற்கவில்லை. நான் துணி ஆலையில் சாயப்பிரிவில் இருக்கிறவன், நிறம் சேருகிறதா என்று பார்ப்பதுதான் சம்பளமே. ஒரு துணியை லைட் பாக்ஸில் (பல வகை விளக்கில் நிறம் பார்க்கிற பெட்டி) பகல் வெளிச்ச விளக்கில் வைத்தால் மாதிரியோடு கச்சிதமாகச் சேரும், அதையே கடை விளக்குக்கு மாற்றினால் ஒன்று பழுப்படித்து நிற்கும், வாங்குகிறவர் லாட் முழுவதையும் திருப்பி அனுப்புவார். அந்தக் கண்காட்சியில் மேலே வெறும் டியூப் லைட். என் கருஞ்சிவப்பு அங்கே செத்த ஈரல் மாதிரி ஆகிவிட்டது, அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்த ரோஸ் கீற்று பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே காவடிக்கு எல்லாரும் அந்த அடர் ரோஸ்தான் கட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். மணிக்கணக்காக முன்னால் போகிறவரின் ரோஸ் துணியையே பார்த்துக்கொண்டு நடந்துவிட்டு, கண்ணை மூடினால் உள்ளே பச்சை மிதக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்தாலும் பச்சை. முருகன் அருள் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். சாயப்பிரிவுக்கு வந்த பிறகுதான் ஒரே நிறத்தைப் பார்த்துக் கண் களைத்தால் எதிர் நிறம் தெரியும் என்று தெரிந்தது. (இப்போதும் அருள் இல்லை என்று சொல்லவில்லை.) கீற்றைச் சுற்றி மெல்லிசாக ஒரு பச்சை ஓட்டியிருக்கிறேன், படத்தில் தெரிகிறதா பாருங்கள்.

பழைய_தூரிகை

பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன்.

சாயப்பிரிவு என்றதும் கிழவனுக்குக் குஷி. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று முதலில் ஒழுங்காக எழுதிவைத்த செவ்ரேல், பாரிசில் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுத் தலைவராக இருந்தவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது, பார்த்தால் நூலில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் காரணம். 1839இல் அவர் அதைப் புத்தகமாகப் போட்டார், பின்னால் வந்த ஓவியர்கள் அதை வைத்துத்தான் பாதி வேலை பார்த்தார்கள். உன் இனம் அது, தம்பி.

இனி படம். பச்சை ஓரம் வேலை செய்கிறது, அந்தக் கீற்று துடிக்கிறது. கீழே சாம்பலும் பரவாயில்லை. மேல்பாதிதான் பாரம் ஏறவில்லை. ஏன் தெரியுமா? சிவப்பு விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சீராக இருக்கிறது. சீராக இருப்பது திரைச்சீலை மாதிரி தொங்கும், அழுத்தாது. நீயே எழுதினாய், பாரம் தோளில் என்று. தோள் இரண்டு, நடக்கும்போது இடமும் வலமும் மாறி மாறி ஏறும், ஒரு பக்கம் மரத்துப்போகும். அந்த ஏற்ற இறக்கம் சிவப்பில் எங்கே? கறுப்பு ட்யூபைக் கலந்துதான் கருஞ்சிவப்பு செய்திருக்கிறாய் என்று தெரிகிறது. கறுப்பைத் தூக்கிப் போடு. காவிச் சிவப்பில் கரும்பச்சை கலந்து இருட்டாக்கு, சில இடம் கனமாக, சில இடம் துணி நெசவு தெரிகிற மாதிரி சுரண்டி விடு.

மாயேபூர்_கரை

நான் படத்தைப் பார்த்தவுடன் கழுத்தைக் குனிந்தேன், ஐயா. சும்மா சொல்லவில்லை. சீராக இருப்பதுதான் எனக்கு அழுத்தியது, தப்பிக்க ஓர் ஓட்டைகூட இல்லாமல்.

மலையடிவாசி

ஐயா, மரத்துப்போவது உண்மை. ஆனால் அதெல்லாம் நடை தொடங்கும்போது. மலை ஏறுகிற கட்டத்தில் இடம் வலம் எல்லாம் போய்விடும், ஒரே பாளம்தான், மாயேபூர் அக்கா சொன்ன மாதிரி. அதனால் சீராக இருப்பதை நான் விடப்போவதில்லை, மன்னிக்கணும். கறுப்பு விஷயம் ஒத்துக்கொள்கிறேன், ஆலையில் கறுப்பு போட்டு இருட்டாக்கினால் என்னையே திட்டுவார்கள். அதே அளவில் இன்னொன்று போடுகிறேன், காவியும் கரும்பச்சையும் வைத்து, பாளமாகவே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எபேன்_கணினி

சரி, நானும் பார்த்தேன். கழுத்து குனியவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரோஸ் கீற்று கண்ணை விட்டுப் போகவில்லை, ஸ்க்ரோல் செய்த பிறகும் வெள்ளைத் திரையில் பச்சையாக ஏதோ தெரிந்தது. அது அண்ணன் வேலையா, என் கண் வேலையா என்று தெரியவில்லை. காவடி எங்கே என்று இன்னும் கேட்பேன்தான். இரண்டாவது படம் வந்ததும் சொல்லுங்கள், சனிக்கிழமை என்றால் நேரிலேயே வருகிறேன், கைப்பேசித் திரையை நம்பிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

மலையடிவாசி

வா தம்பி. பகலில் வா, எங்கள் வீட்டிலும் டியூப் லைட்தான். ஐயா, ஒரு கேள்வி மட்டும்: போன மழைக்காலத்தில் எண்ணெய் வண்ணப் படத்தின் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது, இதை அக்ரிலிக்கில் போட்டால் சிவப்பு காய்ந்ததும் இருட்டாகிறதே, என்ன செய்வது?

பழைய_தூரிகை

அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருட்டும், அதற்குத் தகுந்த மாதிரி ஈரத்தில் கொஞ்சம் வெளுப்பாகவே கல. ஒரு துண்டு அட்டையில் தீட்டிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கு. எண்ணெய்தான் வேண்டும் என்றால் படத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் காற்று போக இரண்டு விரல் இடம் விடு. மழை ஓயாத கியூர்பிப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவும் உதவாது, அவர்களுக்கு அக்ரிலிக்தான்.

கியூர்பிப்_மழை

கவனித்தேன் ஐயா, கவனித்தேன்.